கதவை உடைத்தது போலீஸ், கதவுக்குக் காசு யார் தருவது?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு முறை வருவார். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் விடியற்காலை நாலரை மணிக்கு போலீஸ் வந்தது. என் கொழுந்தன் மேல் ஏதோ பைக் திருட்டு கேஸாம், அவன் எங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்றார்கள். அவன் எங்களோடு இருந்ததே இல்லை. நான் எழுந்து வருவதற்குள் கதவை உடைத்துவிட்டார்கள். பீரோ சாவி தருகிறேன் என்றேன், கேட்காமல் கடப்பாரையால் நெம்பினார்கள். மெத்தையைக் கிழித்தார்கள், அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள், தையல் மெஷினைத் தள்ளிவிட்டதில் மோட்டார் உடைந்துவிட்டது. போகும்போது என் செல்போனையும் பீரோவில் இருந்த சீட்டுப் பணம் 18,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. ஸ்டேஷனில் போய்க் கேட்டால் "ஆர்டரோடதான் வந்தோம், போம்மா" என்கிறார்கள். ஹவுஸ் ஓனர் கதவுக்கு 14,000 கேட்கிறார், இல்லையென்றால் காலி பண்ணு என்கிறார். என் ஆறு வயது மகள் யாராவது கதவைத் தட்டினாலே அழுகிறாள். போலீஸ் உடைத்ததற்கு யார் பணம் தருவார்கள்? நான் புகார் கொடுத்தால் என் கணவர் மேல் கேஸ் போடுவார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உடைந்த கதவு இல்லை, "ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை" என்ற வரிதான். உங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் அந்த வரியைச் சுற்றித்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

உடைந்த எதையும் தூக்கிப் போடாதீர்கள். கதவுச் சட்டம், தாழ்ப்பாள், நெம்பிய பீரோ, மெஷின் மோட்டார், கிழிந்த மெத்தை, எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரரின் போனிலாவது படம் எடுங்கள், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கதவில்லாத வீட்டில் குழந்தையோடு எப்படி இருப்பது என்று கேட்பீர்கள், நியாயம்தான், கதவைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பழைய கதவை வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். ஆசாரியிடம் வேலையைக் கொடுக்கும் முன், என்ன உடைந்திருக்கிறது, சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள். மெஷின் மெக்கானிக்கிடமும் அப்படியே. நான் பார்த்த இப்படிப்பட்ட வழக்குகளில் மக்கள் தோற்றது சட்டம் தெரியாததால் இல்லை. மறுநாளே வீட்டைப் பெருக்கித் துடைத்து, உடைந்ததை எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வெறுங்கையோடு வந்ததால்தான். அவமானம் போக வேண்டும் என்று பெருக்கிவிடுகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பெருக்கித் தள்ளுவது குப்பையை இல்லை, சாட்சியத்தை.

சரி, இப்போது அவர்கள் செய்ததில் எது சட்டப்படி சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்ப்போம். இதைப் பிரிக்காமல் "போலீஸ் அராஜகம்" என்று மொத்தமாக எழுதினால் எந்த அதிகாரியும் எந்த நீதிபதியும் உங்கள் மனுவை இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்று சொல்கிறோம். அதில் ஆளைத் தேடி வீட்டுக்குள் வருவதற்கு ஒரு பிரிவு, பொருளைத் தேடி வருவதற்கு வேறு பிரிவு. ஆளைத் தேடி வருவது 44-ஆம் பிரிவு. கைது செய்யப்பட வேண்டியவன் உள்ளே இருக்கிறான் என்று நம்பக் காரணம் இருந்தால் உள்ளே வரலாம், கதவையும் உடைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் தான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி, கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டு, அப்படியும் உள்ளே போக வழியில்லை என்றால்தான் உடைக்கலாம். நீங்கள் எழுந்து வருவதற்குள் உடைத்துவிட்டார்கள் என்கிறீர்கள். தட்டியதற்கும் உடைத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது? "போலீஸ், கதவைத் திற" என்று குரல் கொடுத்தார்களா? எதிர்வீட்டில் யாராவது விழித்திருந்தார்களா? நினைவு மங்குவதற்குள் இதையெல்லாம் உங்கள் கைப்பட எழுதி வையுங்கள். கதவுக்கான பணம் இந்த ஒரு நிமிஷக் கணக்கில்தான் இருக்கிறது.

கதவு அவர்களுக்குச் சாதகமாகப் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிஷம் தட்டினோம், உள்ளே ஆள் ஓடும் சத்தம் கேட்டது, அதனால் உடைத்தோம் என்று ஒரு எஸ்.ஐ. சாட்சிக் கூண்டில் சொல்லி, அதை நீதிபதி நம்பினால், அந்த உடைப்பு சட்டத்துக்கு உட்பட்டது ஆகிவிடும். சட்டத்துக்கு உட்பட்டு உடைத்ததற்கு அரசு பணம் தர வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு தப்பும் செய்யாத குடும்பம், அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட ஒரு தேடலுக்காகத் தன் கதவை இழந்தால் அந்தச் செலவை ஊர் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதாவது அரசுதான் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில்கூட இது தீராத சண்டைதான். டெக்சாஸில் மெக்கின்னி என்ற ஊரில் 2020-ல் ஓடி ஒளிந்த ஒருவனைப் பிடிக்கப் போலீஸ் ஒரு பெண்மணியின் வீட்டைச் சின்னாபின்னமாக்கியது. சேதம் 50,000 டாலருக்கு மேல். அவர் தொடுத்த வழக்கில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு, பணம் தரச் சொன்னது, மேல்முறையீட்டில் அது ரத்தானது, 2024 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது, மறுக்கும்போதே இரண்டு நீதிபதிகள் இது முக்கியமான கேள்விதான் என்று எழுதி வைத்தார்கள். அங்கேயே இந்த நிலை. ஆகவே கதவை மட்டும் நம்பி நீங்கள் வழக்கை நடத்தக் கூடாது.

உங்கள் வழக்கின் பலம் வீட்டுக்குள்ளே நடந்ததில் இருக்கிறது.

அவர்கள் தேடி வந்தது உங்கள் கொழுந்தனை. வயசுப் பையன் ஒருவன் அரிசி டிரம்முக்குள் இருக்க முடியாது, மெத்தைப் பஞ்சுக்குள் இருக்க முடியாது, தையல் மெஷினுக்கு அடியில் இருக்க முடியாது. ஆளைத் தேடத்தான் வந்தோம் என்றால் கட்டிலுக்குக் கீழே, பரண் மேல், குளியலறை, கொல்லைப்புறம் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. இல்லை, திருட்டு பைக்கின் சாவி, ஆர்.சி. புத்தகம், பணம் இதையெல்லாம் தேடினோம் என்று அவர்கள் மாற்றிச் சொன்னால், உடனே 185-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகிறார்கள், அங்கே அவர்களுக்கு வேலை அதிகம். இந்தப் பொருள் இந்த இடத்தில் இருக்கிறது என்று நம்பக் காரணம் என்ன, எதைத் தேடப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். அப்படி எழுதியதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, வழக்கோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். எடுத்த பொருள்களுக்கும் அவை இருந்த இடங்களுக்கும் பட்டியல் போட்டு, அதாவது நாம் மகஜர் என்று சொல்வது, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, வீட்டில் இருப்பவருக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்தப் பட்டியல் விஷயம் 103-ஆம் பிரிவு. வீடியோ விஷயம் 105, இது புதிதாக வந்தது. அந்தப் பதிவையும் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

பழைய சட்டத்தில் மகஜரும் சாட்சியும் இருந்தன, வீடியோ கிடையாது. அப்போதெல்லாம் உங்களைப் போன்ற ஒருவர் வந்தால் அவர் சொல்வது ஒன்று, எஸ்.ஐ. சொல்வது ஒன்று, நடுவில் எதுவும் இருக்காது. இப்போது அப்படியில்லை. வீடியோ இருந்தால் அதில் கடப்பாரையும் இருக்கும், நீங்கள் சாவியை நீட்டிய கையும் இருக்கும். வீடியோ இல்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆகவே நஷ்ட ஈடு கேட்கும் முன்னால் காகிதம் கேளுங்கள். வீட்டின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் சோதனைக்கு முன் போலீஸ் எழுதி வைத்த காரணப் பதிவின் நகலை மாஜிஸ்திரேட் இலவசமாகத் தர வேண்டும் என்று 185-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. வாடகைக்கு இருக்கிறீர்களே என்று தயங்க வேண்டாம், குடியிருப்பவர் என்றால் நீங்கள்தான். உங்கள் ஸ்டேஷன் எந்த ஜூடிசியல் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் கீழ் வருகிறதோ அங்கே ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "இன்ன தேதி இன்ன மணிக்கு, இன்ன காவல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் நான் குடியிருக்கும் வீட்டில் சோதனை நடத்தினார்கள். அந்தச் சோதனைக்காக பி.என்.எஸ்.எஸ். 185-ஆம் பிரிவின் கீழ் எழுதப்பட்ட காரணப் பதிவு, 103-ஆம் பிரிவின் கீழ் தயாரித்த பட்டியல், 105-ஆம் பிரிவின் கீழ் எடுத்த ஒலி-ஒளிப் பதிவு ஆகியவற்றின் நகல்களைக் குடியிருப்பவர் என்ற முறையில் எனக்குத் தந்து உதவ வேண்டுகிறேன்." அவ்வளவுதான், ஆவேசமாக எதுவும் எழுத வேண்டாம். நகல் வந்தால் அதில் 18,500 ரூபாயும் செல்போனும் இருக்கிறதா என்று பாருங்கள். "அப்படி எந்தப் பதிவும் இந்தக் கோர்ட்டுக்கு வரவில்லை" என்று குறிப்பு எழுதித் திருப்பினால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் அதற்கு இருக்கும் மதிப்பு பெரிது.

பணமும் போனும் பட்டியலில் இருந்தால், 503-ஆம் பிரிவின் கீழ் திரும்பக் கேட்டு அதே கோர்ட்டில் மனுப் போடலாம். கைப்பற்றிய பொருளைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது, படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீட்டுப் பணம் என்பதற்குச் சீட்டு நடத்துபவரின் நோட்டில் உள்ள பக்கம், உங்கள் பெயர் எழுதியது, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லை என்றால் அது கைப்பற்றல் என்ற கணக்கிலேயே வராது. அப்போது நாம் பேசுவது சேதத்தைப் பற்றி இல்லை, பணம் எடுக்கப்பட்டதைப் பற்றி, அது தனிப் புகார்.

இனி உங்கள் முதல் கேள்வி, யார் பணம் தருவார்கள் என்பது.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அரசு வக்கீல் கோர்ட்டில் எழுந்ததும் முதலில் இதைத்தான் எடுப்பார். 1947 செப்டம்பரில் அமிர்தசரஸைச் சேர்ந்த நகை வியாபாரி ஒருவர் நள்ளிரவில் மீரட் வந்து இறங்கினார், கையில் நூறு தோலாவுக்கு மேல், அதாவது ஒரு கிலோவுக்கு மேல் தங்கம், கூடவே வெள்ளி. சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்து எல்லாவற்றையும் எடுத்து ஸ்டேஷனில் வைத்தது. மறுநாள் அவரை விட்டார்கள், பிறகு வெள்ளியையும் கொடுத்தார்கள், தங்கம் மட்டும் வரவில்லை. பொருளறையைக் கவனித்த ஏட்டு அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1964-ல் தீர்ப்பு: போலீஸ் அஜாக்கிரதையாக இருந்தது உண்மைதான், ஆனால் கைது செய்வதும் கைப்பற்றுவதும் அரசின் ஆட்சி அதிகாரம், அதற்கு அரசு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை. கஸ்தூரி லால் வழக்கு என்று இதைச் சொல்வோம். அந்த நீதிபதிகளே இந்த நிலை நியாயமில்லை, நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார்கள். அந்த 1960-களில் இரண்டு முறை மசோதா வந்து இரண்டு முறையும் காலாவதியானது. அதற்குப் பிறகு இன்றுவரை சட்டம் இல்லை.

ஆனால் கோர்ட்டுகள் அங்கேயே நிற்கவில்லை. 1993-ல் நீலாபதி பெஹரா வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஆட்சி அதிகாரம் என்ற கேடயம் அரசுக்குக் கிடையாது, உயர் நீதிமன்றமே நேரடியாக இழப்பீடு வழங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கு, ஆந்திராவில் ஒரு வியாபாரியின் உரத்தையும் தானியத்தையும் கைப்பற்றிய அதிகாரிகள், திருப்பிக் கொடுக்கச் சொன்ன பிறகும் கவனிக்காமல் விட்டுக் கெட்டுப்போக வைத்தார்கள், அந்த நஷ்டத்தை அரசு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் வீடுகளை புல்டோசர் விட்டு இடிப்பது பற்றிய தீர்ப்பில், விதியை மீறி இடித்த அதிகாரி தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அது இடிப்புக்கான தீர்ப்பு, போலீஸ் சோதனைக்கானது இல்லை, ஆனால் ஒரு வீடு என்பது என்ன, அதன்மேல் கை வைக்கும் அதிகாரிக்கு என்ன பொறுப்பு என்று அதில் எழுதியிருப்பதை உங்கள் வக்கீல் தாராளமாக எடுத்துக்காட்டலாம்.

நம் மாநிலத்தில் வாச்சாத்தியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டத்து மலையடிவார ஊர், சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போனது. பதினெட்டுப் பெண்களுக்கு நடந்தது நாடறியும். அதோடு வீடுகளைச் சூறையாடினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். 269 பேர் மேல் வழக்கு, விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பரில் தண்டனை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொல்லி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. 31 வருஷம் ஆயிற்று, அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டில் நடந்ததை அதோடு ஒப்பிடவில்லை. கடமையில் இருந்தோம், தேடத்தான் போனோம் என்ற வாதம் தேடலுக்கு வெளியே செய்த காரியத்தைக் காப்பாற்றாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம், காலக்கெடு. இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். மாவட்டப் போலீஸுக்கு இன்னமும் 1859-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று பொருந்துகிறது, அதன் 53-ஆம் பிரிவுப்படி போலீஸ் அதிகாரத்தின் கீழ் செய்த காரியத்துக்கு வழக்குப் போடுவதென்றால் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், ஒரு மாதம் முன்னால் நோட்டீஸும் கொடுக்க வேண்டும். அதிகாரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் செய்ததற்கு இந்தக் கெடு பொருந்தாது என்று வேணுகோபால் வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, விசாரணைக் கைதியை அடித்த வழக்கு அது. ஆனாலும் சாவியை நீட்டியபோது பீரோவை நெம்பியது எந்த வகை என்று பின்னால் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, மூன்று மாதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இப்போதே நடப்பது நல்லது. ஐந்து வாரம் ஏற்கெனவே போய்விட்டது. அரசு மேல் சிவில் வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின் கீழ் இரண்டு மாத நோட்டீஸும் வேண்டும். நோட்டீஸ் காலத்தைக் கெடுவில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், இந்த வாரமே ஒரு வக்கீலைப் பார்த்து கலெக்டருக்கும், சோதனைக்கு வந்த அதிகாரிகளுக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கவலை வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் சொல்வார்கள்.

சிவில் வழக்கு வருஷக்கணக்கில் ஓடும், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். உங்கள் சேதத்தின் அளவுக்கு நான் மாநில மனித உரிமை ஆணையத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வக்கீல் இல்லாமலே தமிழில் எழுதி அனுப்பலாம், கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை ஆணையம் பொதுவாக எடுக்காது, அதனால் நோட்டீஸை அனுப்பிவிட்டு, வழக்குத் தாக்கல் செய்யும் முன்பே அங்கே மனுவைப் போட்டுவிடுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட், அதாவது உரிமை மீறப்பட்டது என்று நேரடி மனு, போடலாமா என்றால், போடலாம், ஆனால் நடந்தது இது என்று மறுக்க முடியாத ஆதாரம் கையில் இருந்தால்தான் அங்கே பணம் பற்றிப் பேசுவார்கள். இருவரும் இரண்டு விதமாகச் சொன்னால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்றுதான் அனுப்புவார்கள். வீடியோவின் நகல் வந்த பிறகு அதை முடிவு செய்யலாம்.

எவ்வளவு கேட்பது? உடைந்த பொருளின் விலை மட்டும் கேட்காதீர்கள். மெஷின் ஓடாத நாள்களில் நீங்கள் தைக்காமல் திருப்பிக் கொடுத்த துணிகள், அதற்கு வந்திருக்க வேண்டிய கூலி, இதையும் எழுதுங்கள். ஆர்டர் நோட்டு இருந்தால் அதுவே ஆதாரம். மகளை ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அவள் எப்படி இருக்கிறாள் என்பது சீட்டில் பதிவாகட்டும். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்து வாரமாக ஒரு பிள்ளை கதவுச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்றால் அதற்கு ஒருவர் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஹவுஸ் ஓனர் விஷயம் அவ்வளவு சிக்கலில்லை. வாடகைக்கு இருப்பவர் தன் கவனக்குறைவால் கெடுத்ததற்குத்தான் பொறுப்பு. தடுக்க முடியாத பலத்தால் நேர்ந்த மாற்றத்துக்கு இல்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலேயே இருக்கிறது, விடியற்காலை நாலரை மணிக்குப் போலீஸ் உடைத்த கதவை நீங்கள் எப்படித் தடுத்திருக்க முடியும்? கதவு அவருடையது, ஆகவே கதவுக்கான நஷ்டத்தை அரசிடம் கேட்க வேண்டியவரும் அவர்தான். அவரிடம் சண்டை போடாமல், "அண்ணே, நோட்டீஸில் உங்கள் கதவையும் சேர்த்துப் போடுவோம், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். போலீஸ் வந்து சோதனை போட்டது வீட்டைக் காலி செய்யச் சொல்லச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணம் இல்லை என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பயம். புகார் கொடுத்தால் திருப்பி அடிப்பார்களா என்றால், அப்படி நடக்கவே நடக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் என் அனுபவத்தில் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள்தான் அதிகம் மாட்டியிருக்கிறார்கள். தேதியோடு, ரசீதோடு, எஸ்.பி., கலெக்டர், ஆணையம் மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் தபால் போனவர்கள் மேல் கை வைக்க யோசிப்பார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு போடும் எந்தக் கேஸும் பழிவாங்கப் போட்டது என்று தெரிந்துவிடும். இனி தனியாக ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். அவர்கள் திரும்ப வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள், விதி மீறிய சோதனையைத் தடுக்கலாம் என்று ராதா கிஷன் வழக்குத் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறதுதான், ஆனால் அந்த வரியை நம்பி வாசலில் குறுக்கே நிற்க வேண்டாம், கடமையைத் தடுத்ததாக அன்றைக்கே உங்கள் மேல் கேஸ் வரும். உள்ளே விட்டுவிட்டு மகஜர் எங்கே, சாட்சி யார், வீடியோ எடுக்கிறீர்களா என்று கேளுங்கள், அது போதும்.

கொழுந்தன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ தெரிந்தால் அவனுக்கு இடமோ பணமோ கொடுக்காதீர்கள். அடைக்கலம் கொடுப்பது தனிக் குற்றம், அதில் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு, அண்ணனுக்கும் அண்ணிக்கும் கிடையாது. வக்கீல் மூலம் கோர்ட்டில் சரணடையவோ முன்ஜாமீன் கேட்கவோ அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவன் ஒளிந்திருக்கும் வரை உங்கள் வீட்டுக் கதவுக்கு நிம்மதி இல்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும்போது ஆதார் நகல், கடைசி மூன்று மாத வாடகை கொடுத்ததற்கான ரசீது அல்லது ஜி-பே பதிவு, கரண்ட் பில், இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், அந்த வீட்டில் குடியிருப்பவர் நீங்கள்தானா என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கோர்ட் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.